பழைய சோறு சாப்பிட்டா சர்க்கரை ஏறாதா? 4 டிகிரியா, மண்சட்டியா?

வைகைக்கரை:
"பழைய சோறு சாப்பிட்டா சுகர் ஏறவே ஏறாது, ஆராய்ச்சியிலயே நிரூபிச்சாச்சு"ன்னு மேலூர்க்காரர் நேத்து இன்னொரு திரியில எழுதியிருக்கார். கீழ வரிசையா "அருமை அண்ணே". அந்த ஆய்வு 2015-ல இந்தோனேசியாவுல இருந்து வந்தது. அதுல பழைய சோறே கிடையாது. வெள்ளைச் சோத்தை 4 டிகிரி குளிர்ல 24 மணி நேரம் வச்சு, மறுபடி சுட வச்சுக் குடுத்தாங்க. சாப்பிட்டது 15 பேர். ஒருத்தருக்கும் சுகர் கிடையாது. மண்சட்டியில தண்ணி ஊத்தி வைக்கிறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? 4 டிகிரி, 24 மணி நேரம். மொதல்ல இதப் படிச்சிட்டு எழுதுங்க.

மேலூர்க்காரன்:
அண்ணே, அதே ஆய்வுல இன்னொரு சோறு இருக்கே, அத ஏன் முழுங்கிட்டீங்க? வெளியிலயே 10 மணி நேரம் ஆற வச்ச சோறு. செரிக்காத மாவுச்சத்து 100 கிராமுக்குச் சுடுசோத்துல 0.64 கிராம், 10 மணி நேரம் ஆறுனதுல 1.30, ஃபிரிட்ஜ் சோத்துல 1.65. ராத்திரி எட்டு மணிக்குத் தண்ணி ஊத்துனா காலையில ஆறு மணிக்குச் சரியா 10 மணி நேரம். ரெண்டு மடங்கு கூடியிருக்கு. நீங்க மட்டும்தான் படிப்பீகளா?

வைகைக்கரை:
ரெண்டு மடங்குன்னு சொன்னா பெருசாத்தான் தெரியும். ஒரு கும்பா சோறு 200 கிராம்னு வைங்க. அதுல மாவுச்சத்து சுமார் 56 கிராம். செரிக்காதது 1.3 கிராம்ல இருந்து 2.6 ஆகுது. மிச்சம் அம்பது கிராமுக்கு மேல அம்புட்டும் ரத்தத்துக்குத்தான் போகும். இன்னொண்ணு, அந்த 15 பேருக்கு ரத்தத்துல சோதிச்சுப் பார்த்தது சுடுசோத்தையும் ஃபிரிட்ஜ் சோத்தையும் மட்டும்தான். உங்க 10 மணி நேரச் சோத்தை யாருக்கும் குடுத்துப் பார்க்கல. 4 டிகிரி, 24 மணி நேரம்.

மேலூர்க்காரன்:
சரி, ஃபிரிட்ஜ் சோத்துல கூடுனதே 200 கிராமுக்கு 2 கிராம்தான். அப்ப சாப்பிட்ட பிறகு ரத்தத்துல சுகர் ஏறி இறங்குற கோட்டுக்குக் கீழ உள்ள பரப்பு, சுடுசோத்துக்கு 152-ஆ இருந்தது ஃபிரிட்ஜ் சோத்துக்கு 125-க்கு எப்படி இறங்குச்சு? ஏறத்தாழ 18 சதவீதம். 2 கிராமுக்கு இம்புட்டு இறங்குமா? சோத்துல வேற ஏதோ மாறுதுல்ல? இதுக்குப் பதில் சொல்லுங்க.

ஆனையூர் டயட்டீசியன்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். பழைய சோறுன்னா எதச் சொல்றீங்க? தண்ணியை வடிச்சுச் சோத்தைப் பிழிஞ்சு சாப்பிடுறதா, நீராகாரத்தோட கரைச்சுக் குடிக்கிறதா? "ஏறாது"ன்னா சுத்தமா ஏறாதா, கொஞ்சம் குறைவா ஏறுமா? இது தெரியாம பேச முடியாது. சோறு ஆறும்போது அமைலோஸ்ங்கிற மாவுச்சத்துச் சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு பின்னி இறுகுது. மறுபடி சுட வச்சாலும் அது லேசுல பிரியாது. ஆனா கையால மசிச்சுக் கரைச்சா பருக்கை உடைஞ்சு, இரைப்பையில இருந்து சீக்கிரம் இறங்கிடும். இட்லி அரிசியும் பொன்னியும் ஒண்ணு கிடையாது. பச்சரிசிக் குழைவு இன்னும் மோசம்.

வைகைக்கரை:
அக்கா சொல்றது சரி. ஆனா கேள்வி அது இல்ல. 4 டிகிரியா இல்லையா? சித்திரை மாசம் நம்ம ஊர் அடுப்படி ராத்திரியிலயும் 30 டிகிரிக்குக் குறையாது. அந்த வெப்பத்துல சோறு 10 மணி நேரம் கிடந்தா பேசில்லஸ் சீரியஸ்ங்கிற கிருமி வளரும். அது விட்ட வாந்தி நஞ்சு, திரும்பச் சுட வச்சாலும் அழியாது.

மேலூர்க்காரன்:
வெறுஞ்சோத்தை மூடி வச்சாத்தான் அந்தப் பிரச்சினை. சூடு ஆறுனதும் சோறு முங்கத் தண்ணி ஊத்தணும். விடியிறதுக்குள்ள புளிக்கும். புளிப்பு ஏற ஏற அந்தக் கிருமிக்கு எடம் இருக்காது. புளிச்ச உணவு மெதுவாத்தான் இறங்கும், சுகரும் மெதுவா ஏறும். 152 எப்படி 125 ஆச்சு? இன்னும் பதில் வரல. வெந்தயத் திரியிலயும் இப்படித்தான் நழுவுனீங்க.

வைகைக்கரை:
வெந்தயத் திரியில நான் நழுவல. நீங்க வறுத்த பொடியையும் ஊற வச்சதையும் குழப்புனீங்க. இங்கயும் அதே வேலை.

தெப்பக்குளம் நடையாளி:
சோத்தை விடுங்கப்பா. 2016-ல நியூசிலாந்துல டைப் 2 சுகர்காரங்க 41 பேரை வச்சுப் பார்த்தாங்க. ஒரேயடியா 30 நிமிஷம் நடக்கிறதை விட, மூணு வேளையும் சாப்பிட்ட உடனே 10 நிமிஷம் நடந்தப்ப, சாப்பாட்டுக்குப் பின்னாடி ஏறுற சுகர் 12 சதவீதம் குறைவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்னாடி 22. இது நோயாளிங்க மேலயே பார்த்தது. ராத்திரி சாப்பிட்டுட்டுத் தெப்பக்குளத்தைச் சுத்துங்க, போதும். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க சட்டைப் பையில சர்க்கரை வச்சுக்கணும். சுகர் 70-க்குக் கீழ போனா அதுல மூணு டீஸ்பூன், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பார்க்கணும்.

திருப்பரங்குன்றத்தான்:
தெப்பக்குளம் எதுக்கு? பௌர்ணமிக்குக் கிரிவலம் வாங்க. வெறுங்காலோட நடந்தா நரம்புக்கும் நல்லது.

ஆனையூர் டயட்டீசியன்:
தம்பி, தயவுசெய்து இத எழுதாதீங்க. சுகர்ல பாதம் மரத்தவங்களுக்குக் கல் குத்துனாலும் தெரியாது, தார் ரோடு சுட்டாலும் தெரியாது. 10 கிராம் அழுத்தத்துல வளையிற நைலான் இழையைக் கட்டைவிரல் அடியிலயும் முன்பாதத்துலயும் அது வளையிற வரைக்கும் அழுத்திப் பார்ப்பாங்க. அது தெரியாதவங்க வெறுங்காலோட ஒரு அடி வைக்கக் கூடாது. புண்ணு ஆறாம விரலையே எடுக்க வேண்டி வரும்.

திருப்பரங்குன்றத்தான்:
அக்கா, நம்பிக்கையைக் கேலி பண்ணாதீங்க. காலங்காலமா நடக்குறாங்க.

வைகைக்கரை:
அந்தச் சண்டையை வேற திரியில போடுங்க. சோத்துக்கு வாறேன். மேலூர்க்காரருக்கு நம்பிக்கை இருந்தா எடை போட்டுச் சோதிக்கட்டும். சுடுசோறு 150 கிராம் மூணு நாள், பழைய சோறு 150 கிராம் மூணு நாள். பழசைத் தண்ணி ஒட்ட வடிச்சுட்டு எடை போடணும், இல்லன்னா தண்ணியையும் சோறுன்னு எடை போட்டுருவீங்க. தொட்டுக்க ரெண்டுக்கும் ஒரே அளவு, ஒரே பதார்த்தம். மோர் மிளகாய் ஒரு நாள், கறிக்குழம்பு ஒரு நாள்னா கணக்கு நாசம். முதல் வாயில இருந்து நேரம் எண்ணணும், 1 மணி, 2 மணி. வெங்காயம், மாம்பழம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காயாம குத்தக் கூடாது. மீட்டருக்கே 15 சதவீதம் முன்ன பின்ன காட்ட அனுமதி உண்டு. ஒரு தடவை குத்திட்டு "பார்த்தியா இறங்கிருச்சு"ன்னு வந்துராதீங்க.

மேலூர்க்காரன்:
15 சதவீதம் முன்ன பின்ன காட்டுற மீட்டர்ல 18 சதவீத வித்தியாசம் எப்படித் தெரியும்? நீங்களே ஒரு சோதனையைச் சொல்லி நீங்களே கவுத்துட்டீங்க. 152, 125.

தெப்பக்குளம் நடையாளி:
சென்னையில சுகர் வர்ற பார்டர்ல இருந்த 531 பேரை வச்சு ஒரு ஆய்வு, 2006-ல வந்தது. மூணு வருஷத்துல சும்மா இருந்தவங்கள்ல 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துச்சு. சாப்பாட்டு அளவையும் நடையையும் மாத்துனவங்கள்ல 39.3. இதப் பத்தி யாராச்சும் பேசுவீங்களா?

வைகைக்கரை:
அதுல பழைய சோறு வருதா? வரல. 4 டிகிரி, 24 மணி நேரம்.

ஆனையூர் டயட்டீசியன்:
நீராகாரத்தோடவா, இல்லாமயா? நான் கேட்டு எம்புட்டு நேரமாச்சு.

மேலூர்க்காரன்:
அக்கா, அவர் மொதல்ல 152-க்குப் பதில் சொல்லட்டும்.