பிஸ்பாலா மேட்டு வீடுகள்

குழு: நம் குடும்பம்

மீனா: எல்லோருக்கும் வணக்கம். இன்று இங்கே பின்லாந்தில், தம்பெரே நகரத்தின் பிஸ்பாலா பக்கம் போயிருந்தேன். ஒரு நீண்ட மேட்டின் முதுகில் இருக்கிற குடியிருப்பு. மேலே நின்றால் வடக்கே நாசியார்வி ஏரி, தெற்கே பூஹாயார்வி ஏரி. படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா: வீடெல்லாம் ஒன்றின் தலைமேல் ஒன்று நிற்கிறதே! மண் சரியாதா?

மீனா: நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிற வீடுகள் அம்மா. பனியுகம் முடிகிற சமயத்தில் உருகிய தண்ணீர் கொண்டுவந்து குவித்த மணலும் சரளையும்தான் இந்த மேடு. தெற்கு ஏரியிலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரம். தெருவைவிடப் படிக்கட்டுதான் அதிகம் என்று தோன்றியது. கால் இன்னும் வலிக்கிறது.

சித்தப்பா: தெரு ஒன்றுகூட நேராக இல்லை. மனைப்பிரிவு வரைபடமே போடாமல் கட்டினார்களா?

மீனா: ஆமாம் சித்தப்பா, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு ஏரிகளுக்கும் 18 மீட்டர் உயர வித்தியாசம். அந்தத் தண்ணீர் நகரின் நடுவே பாய்ந்து இறங்குகிறது, அதன் வேகத்தை நம்பித்தான் ஆலைகள் வந்தன. 1820-இல் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிய ஆலை பின்னால் பெரிய பருத்தி மில் ஆனது. கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு நகருக்குள் மனை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பிஸ்பாலா அப்போது நகர எல்லைக்கு வெளியே, பக்கத்து ஊரான பிர்க்கலாவில் இருந்தது. மனை மலிவு, நகரத்துக் கட்டட விதிகளும் கிடையாது. வேலை முடிந்து வந்து தாங்களே மரத்தை அறுத்து, ஆணி அடித்துக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் பெருகினால் பக்கத்தில் ஓர் அறையை ஒட்டினார்கள். 1937-இல்தான் இது தம்பெரேயோடு சேர்ந்தது.

பாலா: 1918 பின்லாந்து உள்நாட்டுப் போரில் தம்பெரே பெயர் வருமே, அது இந்த இடமா?

மீனா: இதே இடம்தான் அண்ணா. நகரம் ‘வெள்ளை’ப் படையிடம், அதாவது அரசுத் தரப்பிடம், விழுந்த பிறகும் தொழிலாளர் தரப்புப் படையான ‘செங்காவலர்’ கடைசியாகத் தாக்குப்பிடித்தது இங்கேதான். ஏப்ரல் 6 அன்று சரணடைந்தார்கள். தம்பெரேயில் பிடிபட்டவர்கள் 10,000-க்கும் மேல். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து இதை நினைத்தபோது என்னவோ போலாகிவிட்டது.

அம்மா: அந்தக் குளிரில் குளிக்க என்ன செய்தார்கள்?

மீனா: பொதுச் சவுனா, அதாவது ஊருக்குப் பொதுவான சூட்டறைக் குளியல்! 1906-இல் தொடங்கிய ராயபோர்த்தி இன்றும் இயங்குகிறது, விறகு போட்டுத்தான் சூடேற்றுகிறார்கள். பின்லாந்தில் இன்னும் நடக்கிற பொதுச் சவுனாக்களில் இதுதான் பழையது. அந்தப் பெயருக்கு ‘எல்லை வாசல்’ என்று பொருள். நகர எல்லை அங்கேதான் இருந்தது.

பாலா: அங்கேயே வீடு பாரேன்.

மீனா: ஆசைதான் அண்ணா, விலை கட்டுப்படியாகாது. இரண்டு ஏரியும் தெரிகிற இடம் என்று இப்போது வசதியானவர்கள் வாங்குகிறார்கள். சில பழைய வீடுகள் போய்ப் புதியவை வந்துவிட்டன. மில் தொழிலாளி கையால் கட்டிய வீட்டை இன்னொரு தொழிலாளி வாங்க முடியாமல் போனது எனக்கு வருத்தம். இருக்கிறவற்றையாவது இடிக்காமல் காப்பாற்ற வேண்டும்.

சித்தப்பா: முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவன் கேட்கிறேன் மீனா. அடுத்த முறை போனால், பழைய சுவரும் பிறகு ஒட்டிய அறையும் சேருகிற மூலையைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. அந்த மனிதர் மரத்தை எப்படிக் கோத்தார் என்று பார்க்க வேண்டும்.

மீனா: சனிக்கிழமை போகிறேன் சித்தப்பா. அஸ்திவாரக் கல்லையும் சேர்த்து எடுக்கிறேன்.