27 அங்குலத் திரையில் எழுத்து அளவு குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணினியில் நெடுநேரம் படிக்கும் என் தாயாரின் கண்களுக்கு இதமாகத் திரையை அமைத்துத் தர விரும்புகிறேன். விண்டோஸ் 11 இயங்கும் அக்கணினியில் 2560 × 1440 தெளிவுத்திறன் கொண்ட 27 அங்குலத் திரை உள்ளது.

திரையில் தெரிபவற்றைப் பெரிதாக்கும் விண்டோஸின் ‘ஸ்கேல்’ அளவு 100 விழுக்காட்டில் இருக்கும்போது எழுத்துகள் கூர்மையாக இருந்தாலும் அவருக்கு மிகச் சிறியவையாகத் தெரிகின்றன. 125 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் உலாவியில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் அன்றாடம் பயன்படுத்தும் பழைய கணக்கு மென்பொருளில் மட்டும் எழுத்துகள் மங்கிவிடுகின்றன. தெளிவுத்திறனைக் குறைப்பது எனக்கு உடன்பாடில்லை. திரையின் இயல்பான தெளிவுத்திறனை விட்டு விலகினால் எல்லா எழுத்துகளுமே கூர்மை இழக்கும். எழுத்து விளிம்புகளைச் சீராகக் காட்டும் விண்டோஸின் கிளியர்டைப் அமைப்பைச் சரிசெய்தும் பயனில்லை. அந்த மென்பொருளின் பண்புகளில் உயர் டிபிஐ (ஓர் அங்குலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) அமைப்புக்குச் சென்று, அளவை மாற்றும் பொறுப்பை அதனிடமே விட்டால் எழுத்து தெளிவாகிறது, ஆனால் மீண்டும் சிறுத்துவிடுகிறது. விண்டோஸே அளவை மாற்றி எழுத்தைக் கூர்மையாக வைக்க முயலும், அங்குள்ள ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்ற தேர்வு பழைய மென்பொருள்களில் உங்களுக்குக் கைகொடுத்திருக்கிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரவில் ஒளிர்வை மிகவும் குறைத்தால் அவருக்குக் கண் வலிக்கிறது. சில திரைகள் பின்னொளியை மிக வேகமாக அணைத்து ஏற்றியே ஒளிர்வைக் குறைப்பதால், அதுவே காரணமோ என ஐயுறுகிறேன். ஒளிர்வைச் சற்று உயர்த்தி வைத்து, அறை விளக்கையும் எரியவிட்டு, திரையின் நீல ஒளியைக் குறைக்கும் ‘நைட் லைட்’ வசதியைப் பயன்படுத்துவது போதுமா? அனுபவமுள்ளவர்கள் தங்கள் அமைப்புகளைத் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.