புதுப்பிப்பு: கொடைக்கானலில் என் எஸ்பிரெஸோ இயந்திரம்

காப்பி புளிக்கிறது, காப்பித்தூள் போடும் கைப்பிடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் திறந்தால் ஆவியோடு சீறுகிறது, பாய்லர் பழுதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பழுதே இல்லை! கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நான் வைத்திருந்ததோ 95. வெளிக்காற்றைத் தொட்டதும் சீறத்தான் செய்யும். தூளை அழுத்தி மாட்டிவிட்டால், 9 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஒன்பது மடங்கு) அதே சூட்டிலும் கொதிக்காது. ஆகவே வெப்பத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் புளிப்புதான் கூடும்.

குற்றம் அரைப்பில் இருந்தது. 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி 15 விநாடியில் ஓடிவந்தது; அந்த வேகத்தில் சாரம் சரியாக இறங்காமல்தான் புளித்தது. இன்னும் நைசாக அரைத்தேன்; இப்போது 28 விநாடி. தாண்டிக்குடியில் விளையும் அராபிகா வகைக் காப்பியின் இனிப்பு நேற்றுதான் நாக்கில் தெரிந்தது. அம்மா இரண்டாவது கோப்பை கேட்டார்! இறுகிப்போன ரப்பர் வளையத்தையும் மாற்றிவிட்டேன்.