எந்த ஹார்டி?

அண்ணன்: (படம்) இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்தில் இருக்கிறேன். போர்ட்டெஷாம் ஊருக்கு மேலே குன்றில் நிற்கும் ஹார்டி நினைவுக் கோபுரம். 22 மீட்டர் உயரம். காற்று ஆளைத் தள்ளுகிறது.

அத்தை: நாவலாசிரியர் தாமஸ் ஹார்டிக்கா? அது அவருடைய மாவட்டம்தானே!

அண்ணன்: பெயரும் மாவட்டமும் சரி, ஆள் வேறு அத்தை. இவர் கடற்படைக்காரர். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் சுடப்பட்டபோது பக்கத்தில் இருந்த கப்பல் தலைவர். கோபுரம் எழும்பியது 1844இல். அப்போது உங்கள் ஹார்டிக்கு நான்கு வயது.

பெரியப்பா: எனக்கு ஹார்டி என்றால் ஒருவர்தான். 1913இல் சென்னைத் துறைமுக எழுத்தர் ராமானுஜன் அனுப்பிய கடிதத்தைக் குப்பையில் போடாமல் உட்கார்ந்து படித்த கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி.

தங்கை: பெரியப்பா, எங்கள் மரபியல் பாடத்தில் வரும் ஹார்டி–வைன்பெர்க் விதி?

பெரியப்பா: அவரேதான் அம்மா. குட்டை விரல் ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் பண்பு என்றால், போகப்போக எல்லோருக்கும் குட்டை விரலாகிவிடாதா என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. ஹார்டியோடு கிரிக்கெட் ஆடும் மரபியலாளர் பன்னெட் அதை அவரிடம் கொண்டுபோனார். ஆகாது, இயற்கைத் தேர்வு போன்ற காரணங்கள் குறுக்கிடாதவரை அந்தப் பண்பின் விகிதம் அப்படியே நிற்கும் என்று 1908இல் ‘சயின்ஸ்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெருக்கல் வாய்பாடு அளவுக் கணக்கு! பயனுள்ள எதையும் தான் செய்ததில்லை என்று பிற்காலத்தில் பெருமையடித்துக்கொண்டவரும் இவர்தான்.

மாமா: எனக்குத் தெரிந்த ஹார்டி, தொப்பையும் துளி மீசையுமாகப் பழைய சிரிப்புப் படங்களில் லாரலோடு வருகிறவர்.

அண்ணன்: ஆலிவர் ஹார்டி அமெரிக்கர் மாமா.

மாமா: இருக்கட்டும். இத்தனை ஹார்டிகளில் சிரிக்க வைத்தவர் அவர் மட்டும்தான்.

அத்தை: என் ஹார்டிக்கு அங்கே ஒன்றுமே இல்லையா?

அண்ணன்: டார்செஸ்டரில் சிலை இருக்கிறது. 1928இல் இறந்தபோது சாம்பலை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைத்தார்கள். இதயத்தை மட்டும் ஸ்டின்ஸ்ஃபோர்டில் முதல் மனைவியின் கல்லறையில் புதைத்தார்கள்.

அத்தை: ஐயோ, ஆளையே பங்கு போட்டுவிட்டார்களா! அவர் நாவலில்கூட இவ்வளவு கொடுமை இல்லை.

அண்ணன்: அந்தக் கப்பல் தலைவரைத் தன் ‘தி டிரம்பெட் மேஜர்’ நாவலில் பாத்திரமாகவே கொண்டுவந்திருக்கிறார். தூரத்து உறவு என்று எண்ணம்.

மாமா: கோபுரம் உள்ள சொந்தக்காரரை யார் விடுவார்கள்?

பெரியப்பா: தம்பி, கேம்பிரிட்ஜ் போனால் என் ஹார்டி இருந்த டிரினிட்டி கல்லூரியைப் படமெடுத்து அனுப்பு.

அண்ணன்: உங்கள் ஹார்டிக்குப் படமெடுப்பதே பிடிக்காதாமே? விடுதி அறைக் கண்ணாடியைக்கூடத் துண்டு போட்டு மூடுவாராம்.

பெரியப்பா: கல்லூரிக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. எடு.