பதிப்பு மாற்றியபின் நின்று நின்று ஓடும் மடிக்கணினி

கேள்வி, தோ பாயோவிலிருந்து:
விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், ஆறாண்டுப் பழைய என் மடிக்கணினியை நான்கு நாள்களுக்கு முன் 11ஆம் பதிப்புக்கு மாற்றினேன். அன்றிலிருந்து அரைமணிக்கொரு முறை திரை அப்படியே நின்றுவிடுகிறது. சுட்டி மட்டும் நகர்கிறது, வட்டு விளக்கு அணையாமல் எரிகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
சுட்டி நகர்கிறது என்பதே நல்ல தடயம். செயலி ஓய்ந்துவிடவில்லை, வட்டின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, திரை நின்ற நேரத்தில் 129 என்ற எண்ணுடன் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குறித்த நேரத்திற்குள் பதில் வராததால் இயங்குதளம் அந்த வட்டை மீட்டமைத்திருக்கிறது என்று பொருள். மின்சேமிப்பு அமைப்போ வட்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழையதாக இருப்பதோ காரணமாக இருக்கலாம்.

மறுமொழி 2:
எதையும் தொடுவதற்கு முன் கோப்புகளை வெளிவட்டில் நகலெடுத்துவிடுங்கள், வட்டே பழுதாகியிருந்தாலும் அறிகுறி இதுதான். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி வழக்கமாக 10 நாள்களுக்கே இருக்கும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கேட்டவர்:
129 பதினோரு முறை இருந்தது. சேமிப்பக டிரைவரைப் புதுப்பித்து, பவர் ஆப்ஷன்ஸில் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் என்ற மின்சேமிப்பு அமைப்பையும் நிறுத்தினேன். நேற்றிரவிலிருந்து ஒருமுறைகூட நிற்கவில்லை. மின்கலம் சற்று விரைவாகத் தீர்கிறது, பொறுத்துக்கொள்ளலாம்.