முன்னோடி மறைந்த நாளில் தளத்தின் உச்சியில் இடும் கறுப்புக் கோடு: தமிழில் என்ன பெயர்?

மடல் 1, கோவையிலிருந்து

வணக்கம்.

இணைய விவாத மன்ற மென்பொருளின் தமிழாக்கத்தில் ஒரு சொல் நெடுநாளாகத் தீராமல் கிடக்கிறது. ஆங்கிலத்தில் 'பிளாக் பார்' என்கிறார்கள். கணினித் துறை முன்னோடி ஒருவர் மறைந்தது உறுதியானதும் தளத்தின் உச்சியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றை வைப்பார்கள். கணினித் துறையினர் செய்திகளைப் பகிர்ந்து பேசும் ஹேக்கர் நியூஸ் தளம் இந்த வழக்கத்துக்குப் பேர்போனது. ஆரஞ்சு நிறத் தலைப்புக்கு மேலே கோடு வந்துவிட்டால், துறையில் பெரியவர் ஒருவர் போய்விட்டார் என்று பொருள்.

இதை யாரோ 'கருப்புப் பட்டை' என்று தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் முதலில் கராத்தேயைத்தான் நினைவூட்டும். அடுத்து, தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் 'கருப்புப் பட்டை அணிந்து' என்று ஒரு வரி தொடங்கினால், அது பெரும்பாலும் ஊழியர் போராட்டச் செய்திதான். கருப்புக்கொடியும் அப்படியே. இணையத்திலும் இதே நிலை: 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா கறுத்துக் கிடந்தது, இணையத் திருட்டைத் தடுக்க என்று அமெரிக்காவில் கொண்டுவந்த சோபா (SOPA) சட்ட வரைவை எதிர்த்து. கோட்டைப் பார்ப்பவருக்குக் கண்டனம் என்று பட்டால், போனவருக்கு நாம் செய்யும் மரியாதை அங்கேயே கெட்டுவிடும்.

அவசரப்பட்டுக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரையே துறைக்கு வைத்தவர் ஜான் மெக்கார்த்தி. 1955 ஆகஸ்டில் மின்ஸ்கி, ராச்செஸ்டர், ஷானன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய டார்ட்மத் முன்மொழிவில் அந்தப் பெயர் இருக்கிறது. அடுத்த கோடையில் பயிலரங்கு நடந்தது. 2011 அக்டோபர் 24 அன்று மறைந்தார். கலைச்சொல் ஆக்கிய ஒருவருக்காக நாம் வைக்கும் கோட்டுக்குப் பிழையான கலைச்சொல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. இன்னொன்றும் உண்டு: ஹேக்கர் நியூஸ் எழுதப்பட்ட ஆர்க் என்ற நிரல்மொழி, மெக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப் நிரல்மொழியின் மரபில் வந்தது. அந்தத் தளம் அவருக்காகக் கோடு போட்டால், அவர் கொடுத்த மொழியின் பிள்ளை கையாலேயே போட்டதாகும்.

என் பரிந்துரை: இரங்கற்பட்டை.

மடல் 2, சென்னையிலிருந்து

> என் பரிந்துரை: இரங்கற்பட்டை.

ஐயா, 'பட்டை'யை வைத்துக்கொள்வது சரி. கருவிப்பட்டை, நிலைப்பட்டை, முகவரிப்பட்டை என்று இடைமுகத்தில் ஏற்கெனவே வேரூன்றிய சொல். மளிகைக் கடைப் பட்டையோடு யாரும் குழம்ப மாட்டார்கள். கூட்டுச்சொல்லில் முன்சொல் காப்பாற்றிவிடும். முன்சொல்லில்தான் கவனம் வேண்டும்.

'துக்கப்பட்டை' வேண்டாம். துக்கம் வீட்டுக்குரியது. துக்க வீடு, துக்கம் விசாரிப்பது என்று உறவினர் வட்டத்தில் வழங்கும் சொல். ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒரு கணினி அறிவியலாளருக்காக ஆயிரக்கணக்கானோர் வைக்கும் குறிக்கு அது பொருந்தாது. 'அஞ்சலிக்கோடு' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அஞ்சலி என்பது ஒவ்வொருவரும் கைகூப்பிச் செலுத்துவது. மறுமொழியில் நாம் எழுதுவதுதான் அஞ்சலி. கோடு தளத்தின் செயல். அதற்கு 'இரங்கல்' பொருந்தும்: இரங்கல் தீர்மானம், இரங்கல் செய்தி என்று ஓர் அமைப்பு தன் பெயரில் வெளியிடுவதை அப்படித்தானே சொல்கிறோம்.

புணர்ச்சியில் ஒரு சிக்கல். 'இரங்கல்' + 'பட்டை' சேர்ந்தால் ல் ற் ஆகிறது. இலக்கணம் சரி, தேடுபொறிக்கு அது தெரியாது. 'இரங்கல்' என்று உள்ளிட்டவருக்கு 'இரங்கற்பட்டை' கிடைக்காது, ஏனென்றால் ஐந்தாம் எழுத்தே வேறு. ஆகவே அருஞ்சொல் பட்டியலில் 'இரங்கல் பட்டை' என்ற பிரித்த வடிவத்தை மாற்றுவடிவமாகச் சேர்க்க வேண்டும். திரையில் தெரிவது சேர்ந்த வடிவம்.

கூடவே இன்னொரு கருத்துக்கும் சொல் தேவை. கோடு சில நாளில் போய்விடும். நிலையாக நிற்கும் நினைவுக் குறி வேறு. அதற்கு 'நடுகல்' என்று வைக்கலாமா? தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நிறுத்துவதை ஆறு படியாகவே சொல்கிறது. அகநானூற்றில் நடுகல்லில் 'பெயரும் பீடும்' எழுதியதாக வருகிறது. அந்தப் 'பெயரும் பீடும்' எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மடல் 3, யாழ்ப்பாணத்திலிருந்து

நடுகல் வேண்டாம், அக்கா. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் ஆறாத பொருள் இருக்கிறது. போரில் இறந்தவர்களுக்கு நிறுத்திய கல்லை அப்படித்தான் சொன்னோம். அந்தக் கல்லின் முன்னால் நின்ற ஒரு தாய்க்கு, இடைமுகப் பொத்தானில் அதே சொல்லைக் காட்டுவது சரியில்லை. சங்கச் சொல் என்பதற்காக எங்கும் எடுத்து வைத்துவிட முடியாது.

ஆனால் 'பெயரும் பீடும்' பற்றிச் சொன்னீர்களே, அதுதான் விஷயம். ஆங்கில வழக்கத்தின் பெரிய குறை அங்கே இருக்கிறது: கோட்டில் பெயர் இல்லை. ஒவ்வொரு முறையும் கோடு வந்தவுடன் கீழே யாராவது ஒருவர் 'இது யாருக்காக?' என்று கேட்பார். செய்தி முதற்பக்கத்திலிருந்து இறங்கிய பிறகு தளத்துக்கு வருபவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கோ கோடு இருப்பதே தெரியாது, ஏனென்றால் அது வெறும் நிறம். இருள் தோற்றத்தில் கறுப்புப் பின்னணியில் கறுப்புக் கோடு யார் கண்ணுக்கும் படாது.

அதனால் வரையறையிலேயே பெயரைக் கட்டாயமாக்குங்கள். இரங்கற்பட்டை என்றால் பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, இரங்கல் இழைக்கு (மறுமொழிகள் சேரும் பக்கத்துக்கு) இணைப்பு ஆகிய நான்கும் உள்ள பட்டை. பெயரில்லாததை 'கோடு' என்றே விட்டுவிடலாம்.

மடல் 4, சிங்கப்பூரிலிருந்து

நிலையான குறி பற்றி. நடைமுறையில் இன்று இருப்பது, வழங்கி (சர்வர்) உலாவிக்கு அனுப்பும் மறுமொழியில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒரு வரி. எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 2015 மார்ச் 12 அன்று மறைந்ததும் வாசகர்கள் தொடங்கியது, பெயர் எக்ஸ்-கிளாக்ஸ்-ஓவர்ஹெட். மதிப்பாக 'ஜிஎன்யு' என்று எழுதி அடுத்து இறந்தவர் பெயர். அவர் கதையில் கோபுரத்துக்குக் கோபுரம் செய்தி அனுப்பும் முறை வருகிறது: ஜி என்றால் அடுத்த கோபுரத்துக்கு அனுப்பு, என் என்றால் பதிவேட்டில் குறிக்காதே, யு என்றால் கடைசிக் கோபுரம் வந்ததும் திருப்பி விடு. அந்தப் பெயர் கம்பியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிராட்செட்டுக்குத் தொடங்கியதைக் கணினித்துறைக்காரர் தங்கள் ஆசான்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு வரிதான்.

இப்படி மறுமொழியோடு போகும் வரியை ஆங்கிலத்தில் 'ஹெடர்' என்பார்கள். அதற்குப் பட்டியலில் 'தலைவரி' என்று ஒரு பரிந்துரை இருந்தது. தலைவரி என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்த வரி. அதை நீக்கிவிட்டு 'தலைக்குறிப்பு' என்று வையுங்கள். நம் குறி 'நினைவுத் தலைக்குறிப்பு'.

வைப்பவர்கள் வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது எழுத்து. தலைக்குறிப்பின் மதிப்பில் தமிழை அப்படியே இடக் கூடாது. வழங்கிக்கும் உலாவிக்கும் நடுவில் உள்ள பதிலிகள் (பிராக்ஸி) சிதைத்துவிடும் அல்லது மறுத்துவிடும். விழுக்காட்டுக் குறியேற்றம் செய்ய வேண்டும், அதாவது ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு இரண்டு எழுத்தாக எழுத வேண்டும். 'ஜான் மெக்கார்த்தி' என்பது இடைவெளியோடு 17 யூனிகோடு குறியீட்டுப் புள்ளி; யுடிஎஃப்-8 வடிவில் 49 பைட்; குறியேற்றினால் 147 எழுத்து. ஒரு பெயருக்கு இது தாங்கும். ஐம்பது முன்னோடிகளை ஒரே வரியில் அடுக்கினால் சில பதிலிகளின் அளவு வரம்பை நெருங்கிவிடும்.

இரண்டாவது என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருள். அதன் அமைப்புக் கோப்பில் தலைக்குறிப்பு சேர்க்கும் கட்டளையை வழங்கிப் பகுதியில் எழுதிவிட்டு, உள்ளே ஒரு பாதைப் பகுதியில் வேறொரு தலைக்குறிப்பைச் சேர்த்தால், மேலே எழுதியது எதுவும் அந்தப் பாதைக்குக் கிடைக்காது. முகப்பில் பெயர் போகும், படங்களில் போகாது. காரணம் தெரியாமல் பலரும் திணறுவது இங்கேதான். பாதைப் பகுதியில் மீண்டும் எழுத வேண்டும்.

மூன்றாவது, 'ஆல்வேஸ்' என்ற சொல்லைக் கட்டளையின் இறுதியில் சேர்க்காவிட்டால் 404, 500 போன்ற பிழைப் பக்கங்களில் பெயர் வராது. பிழைப் பக்கத்தில்கூடப் பெயர் போக வேண்டும் என்பது என் கருத்து.

மடல் 5, சென்னையிலிருந்து

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதை ஏற்கிறேன், நடுகல்லை விட்டுவிடுவோம்.

பட்டையை எப்போது ஏற்றுவது என்பதும் வரையறையோடு சேர வேண்டும். 2024 ஜூனில் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி இறந்துவிட்டார் என்ற செய்தி பரவி, சில இதழ்கள் இரங்கல் கட்டுரையே வெளியிட்டுப் பிறகு விலக்கின. அவர் அப்போது மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அவருடைய துணைவியார் மறுக்க வேண்டியதாயிற்று. உயிரோடு இருப்பவருக்கு ஏற்றிய பட்டையை இறக்கினாலும் அந்தத் திரைப்பிடிப்பு இறங்காது. ஆகவே குடும்பமோ அவர் பணியாற்றிய நிறுவனமோ சொல்லும்வரை பொறுங்கள். ஒரு பதிவை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் அது ஒரே சான்றுதான்.

பிறகு நாள். மெக்கார்த்தி மறைந்தது கலிபோர்னியாவில். அக்டோபரில் அங்கும் இங்கும் 12 மணி 30 நிமிட வேறுபாடு. அங்கே முற்பகல் 11:30க்குப் பிறகு நடந்த எதுவும் சென்னை நாட்காட்டியில் மறுநாள். பட்டையில் தேதி போடுவதென்றால் மறைந்த ஊரின் தேதியே வர வேண்டும். வழங்கியின் நேரத்திலிருந்து தானாக எடுத்துப் போட்டால் ஒரு நாள் பிசகும். சி நிரல்மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சிக்கு அதுவும் போதாது: 2011 அக்டோபர் 12 அன்று வீட்டில் இறந்து கிடந்ததாகத் தெரிந்தது, எந்த நாளில் உயிர் பிரிந்தது என்பது உறுதியில்லை. அதனால்தான் பட்டையில் ஆண்டு மட்டும் போதும் என்கிறேன்.

எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவில் மறைந்த தேதிக்குரிய பண்பு பி570. அதை நிரப்பியதும் பல மொழித் தகவற்பெட்டிகளில் தேதி தானே வந்துவிடும். தமிழ் விக்கிப்பீடியாவில் 'வாழும் நபர்கள்' பகுப்பை எடுத்துவிட்டு '2011 இறப்புகள்' போன்றதைச் சேர்ப்பது கையால் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யும் கை ஒரு கணம் தயங்கும்; தயங்கட்டும், ஆனால் சான்றை இணைக்காமல் செய்யக் கூடாது. அறிவிப்பு வெளியான பக்கத்தை அன்றே ஆவணப்படுத்துங்கள். ரிட்சி மறைந்த செய்தியை அவரோடு பணியாற்றிய ராப் பைக் வெளியிட்டது கூகுள் பிளஸ் தளத்தில். அந்தத் தளமே 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.

இறக்குவதிலும் ஒரு தவறு நடக்கிறது. முழுப் பக்கத்தையும் 86,400 நொடிக்கு (ஒரு நாள்) இடைச்சேமிப்பில் (கேஷ்) வைத்திருந்தால், பட்டையை நீக்கிய பிறகும் ஒரு நாள் முழுக்கச் சிலருக்குத் தெரியும். ஏற்றும்போதும் அதே தாமதம். பட்டையைத் தனிச் சிறு கோப்பாக்கி 300 நொடி ஆயுள் கொடுத்தால் போதும்.

மடல் 6, கோவையிலிருந்து

கணினியியல் முன்னோடி ஆலன் டியூரிங்குக்கும் இந்தப் பட்டை பொருந்துமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். அவர் 1954இல் மறைந்தவர். 2009இல் இணையத்தில் ஒரு மனு திரண்டு, ஒருபாலீர்ப்புக்காக அவர் தண்டிக்கப்பட்டதற்கு செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார்; 2013 டிசம்பரில் அரச மன்னிப்பு வந்தது. இதற்கும் ஜூன் 23 பிறந்தநாளில் வைக்கும் குறிக்கும் இரங்கற்பட்டை பொருந்தாது. அங்கே 'நினைவுநாள் பட்டை' என்று இருக்கட்டும். நிறமும் கறுப்பு வேண்டாம்.

இதுவரை பேசியதை வைத்துப் பட்டியலில் ஏற்றியது:

இரங்கற்பட்டை (பெ.): துறை முன்னோடி ஒருவர் மறைந்தது உறுதியானபின், தளத்தின் உச்சியில் அவர் பெயரும் ஆண்டுகளும் இரங்கல் இழைக்கான இணைப்பும் தாங்கி, குறித்த காலம் மட்டும் நிற்கும் பட்டை. தேடலுக்கான மாற்றுவடிவம்: இரங்கல் பட்டை.

நினைவுத் தலைக்குறிப்பு (பெ.): மறைந்தவர் பெயரை வழங்கியின் ஒவ்வொரு மறுமொழியோடும் அனுப்பும், திரையில் தெரியாத வரி.

பட்டையின் உயரம் 6 படவணுவிலிருந்து (பிக்சல்) 28 ஆகிறது, பெயர் எழுத இடம் வேண்டுமே. இருள் தோற்றத்துக்குக் கீழ்விளிம்பில் 1 படவணு வெளிர்சாம்பல் கோடு. திரைவாசிப்பானுக்கான சரம்: 'இரங்கற்பட்டை: ஜான் மெக்கார்த்தி, 1927–2011'. அந்த இடைக்கோட்டைச் சில திரைவாசிப்பான்கள் 'கழித்தல்' என்று படிக்கின்றன. மறைந்தவரின் ஆண்டுகளுக்கு நடுவே அந்தச் சொல் கேட்கக் கூடாது. ஆகவே ஒலிக்கும் சரத்தில் '1927 முதல் 2011 வரை' என்று எழுத்தால் மாற்றியிருக்கிறேன்.