‘செக்யூரிட்டி’: காவலாளி, கடன் பத்திரம், முன்பணம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

கேள்வி: மொழிபெயர்ப்பு_மேசை
நிதி அறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘செக்யூரிட்டி’ ஒரு பக்கத்தில் காவல், அடுத்த பக்கத்தில் அடமானம், அதற்கடுத்த பக்கத்தில் பங்குப் பத்திரம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதானா? ‘கேர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்களே, சரியா?

பதில்: வேர்ப்பித்தன்
மூன்றும் ஒரே சொல்தான். ஆனால் ‘கேர்’ அதன் உறவு இல்லை; அது ஜெர்மானியக் கிளைச் சொல். இதன் வேர் லத்தீன் ‘செகூருஸ்’. ‘செ’ என்றால் விலகி, இல்லாமல். ‘கூரா’ என்றால் கவலை, கவனிப்பு. ஆக, கவலையற்றவர். நம் ‘நிச்சிந்தை’யும் இதே கட்டமைப்புதான். ‘செபரேட்’டின் முதலில் உள்ள ‘செ’யும், ‘க்யூர்’, ‘அக்யூரேட்’ இரண்டிலும் ஒளிந்திருக்கும் ‘கூரா’வும் இவையே.

லத்தீனில் ‘செகூரிதாஸ்’ முதலில் மனநிலையைக் குறித்தது. பூட்டும் காவலும் வெளியே இருப்பவை. அவற்றால் உள்ளே கிடைக்கும் நிம்மதிக்குத்தான் அந்தப் பெயர். பிறகு பெயர் வெளிக்காவலுக்கே போய்விட்டது. (பழந்தமிழ் ‘ஏமம்’ காவலையும் குறிக்கும், இன்பத்தையும் குறிக்கும். இது பொருள் ஒற்றுமைதான். வேர்த் தொடர்பு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

பதில்: பழம்பிரதி
ஒன்றைச் சேர்க்க வேண்டும். கவலை இல்லாதவன் அசட்டையாகவும் இருப்பான். அதனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு நெடுங்காலம் ஒரு கெட்ட பொருளும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில், மூன்றாம் அங்கத்தில், சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கட்டி, மனிதருக்கு முதல் எதிரி ‘செக்யூரிட்டி’ என்கிறாள். அங்கே ‘பாதுகாப்பு’ என்று போட்டால் வசனமே பைத்தியக்காரத்தனமாகிவிடும். ‘மிதப்பு’, ‘அசட்டைத் துணிவு’ என்றால்தான் பொருந்தும். பழைய நூல்களைப் பெயர்ப்பவர்கள் வழுக்கும் இடம் இது.

பதில்: பேரேடு
நிதிப் பக்கத்துக்கு வருவோம். கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்புமா என்ற கவலை. அதைப் போக்கக் கொடுக்கும் நிலமோ நகையோதான் ‘செக்யூரிட்டி’. அந்தக் கடனுக்குச் சான்றாக இருந்த தாளுக்கு 17ஆம் நூற்றாண்டில் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று கைமாற்றி விற்கக்கூடிய பங்கு, கடன் பத்திரம் எல்லாமே ‘செக்யூரிட்டீஸ்’. ஜாமீனைக் குறிக்கும் ‘ஷ்யூரிட்டி’யும் இதே லத்தீன் சொல்தான், பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. ‘ஷ்யூர்’, ‘இன்ஷ்யூர்’ அதே வீட்டுப் பிள்ளைகள்.

உங்கள் அறிக்கையில் கவனிக்க வேண்டியவை:

‘செக்யூர்ட் லோன்’ என்றால் ஈட்டுக்கடன். ஆனால் ஒரு நிறுவனம் லோனை ‘செக்யூர்’ செய்தது என்று வினையாக வந்தால், பெரும்பாலும் கடன் கிடைத்தது என்பதோடு சரி. ஈடு கொடுத்தார்களா என்பது அதில் இல்லை, நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.

‘அன்செக்யூர்ட்’ கடன் பத்திரத்துக்குப் பின்னால் எந்தச் சொத்தும் ஈடாக இல்லை. ஆனாலும் அது ‘செக்யூரிட்டி’ வகைதான்! ‘செக்யூரிட்டீஸ்’ எல்லாவற்றையும் ‘பிணையம்’ என்று பெயர்த்தால் ‘பிணையமில்லாப் பிணையம்’ என்று வந்து நிற்கும். ஈட்டுக்குப் ‘பிணையம்’, சந்தைப் பொருளுக்குப் ‘பத்திரம்’ என்று முதல் பக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ‘செக்யூரிட்டி டெபாசிட்’ காப்புத்தொகை. பன்மையில் வந்தால் ஏறக்குறைய எப்போதும் பத்திரம்தான்.

கேள்வியாளர்
நன்றி, பிரித்துவிட்டேன். ஆனால் ஒரு பின்னிணைப்பில் ‘ஃபுட் செக்யூரிட்டி’, ‘ஃபுட் சேஃப்டி’ இரண்டும் வருகின்றன. இரண்டுமே ‘உணவுப் பாதுகாப்பு’ ஆகிவிடுகிறதே?

பதில்: வேர்ப்பித்தன்
‘சேஃப்’ வேறு வேர்: லத்தீன் ‘சால்வுஸ்’, ஊறுபடாத, முழுமையான. தொழில்நுட்ப எழுத்தில் பொதுவாக விபத்தைத் தடுப்பது ‘சேஃப்டி’, வேண்டுமென்றே செய்யும் கெடுதலைத் தடுப்பது ‘செக்யூரிட்டி’. உணவில் மட்டும் இந்த அளவுகோல் உதவாது. 1996 உலக உணவு மாநாட்டின் வரையறைப்படி, எல்லோருக்கும் எப்போதும் போதிய, சத்தான, தீங்கற்ற உணவு எட்டுவதே ‘ஃபுட் செக்யூரிட்டி’. நாளைக்குச் சோறு உண்டா என்ற கவலை இல்லாமை. பழைய லத்தீன் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. அதை ‘உணவு உறுதிப்பாடு’ என்றும், நச்சும் கிருமியும் இல்லாமையை ‘உணவின் தீங்கின்மை’ என்றும் வைத்தால் குழப்பம் வராது. ‘உணவுப் பாதுகாப்பு’தான் வேண்டும் என்று அச்சிடுபவர் அடம்பிடித்தால், இரண்டில் ஒன்றுக்கு மட்டும் அதை விட்டுக்கொடுங்கள்.